நரி இந்த வழக்கில் இல்லை

என் தம்பி சிவானந்தன் மிருகவதை செய்தவன். இதை நான் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டு சித்திரை மாதம் ஒரு நீதவான் நீதிமன்றம் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. அவனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் யாரென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நரியை நாற்பது நாய்களை ஏவி வயல்வெளியெல்லாம் துரத்தி, கடைசியில் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்து, உயிரோடு அந்த நாய்களுக்கே எறிந்தவர்கள். அவர்களுக்கு மிருகங்களில் அவ்வளவு இரக்கம். இந்தக் கதையைத் தொடங்கினாலே எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிடும். ஏறட்டும். நாலு பேர் அறியச் சொல்ல வேண்டிய கதை இது. அதில் நான் செய்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சிவானந்தன் எனக்கு ஏழு வயது இளையவன். 1986இல் லண்டன் வந்து சேர்ந்தபோது அவனுக்குக் கல்யாணம் முடிந்து ஐந்தே மாதம். "ஆறு மாதத்திலை கூப்பிடுவன்" என்று மனைவி கலாவதிக்குச் சொல்லிவிட்டு வந்தவன். அந்த ஆறு மாதம் ஒன்பது வருஷமாக நீண்டது. அகதி என்று ஏற்கவும் இல்லை, போ என்று துரத்தவும் இல்லை. தவணை போட்டுத் தவணை போட்டு இருக்க விட்டார்கள். கலாவதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையில் வேறு மூன்று பெண்களோடு இருந்தாள். அவர்களும் வெளிநாட்டுக்குப் போன புருஷன்மாரை நினைத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான். 1993 கடைசியில்தான் குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிஸ் அவளுடைய கோப்பைக் கையில் எடுத்தது. இனி ஒரு கடிதம்தான் வரவேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்தை நினைத்து என் தம்பி மூச்சு விடுவதற்கும் பயந்தான். றோட்டில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பான். பஸ்ஸில் டிக்கெட்டை இறங்கும்வரை கையிலேயே பிடித்திருப்பான்.

நோர்பரியில் என் வீட்டு முன்னறையில் இருந்தான். நான் தனிக்கட்டை. ஊரில் இங்கிலீஷ் ரீச்சராக இருந்தவள், இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பவள். அவனுக்கு மிற்சம் பக்கம் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. குடி இல்லை, சீட்டு இல்லை, படம் பார்க்கிற பழக்கமும் இல்லை. அவனுக்கு இருந்த ஒரேயொரு சந்தோஷம் பங்கு.

பங்கு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை எடுத்து, அறுத்து, சமமாகப் பிரித்துக்கொள்வது. கடை இறைச்சி எந்த ஆடு, எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும்? பங்கில் எல்லாம் கண்முன்னால் நடக்கும். நோர்பரி, தோன்டன் ஹீத் பக்கத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை யோகராஜாவின் வானில் குரொய்டன் தாண்டி, கென்ட் எல்லையில் ரெஜ் டாப்செல் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணைக்குப் போவார்கள். வெட்டுவதும் பங்கு போடுவதும் சிவானந்தன். வேறு யாரையும் அவன் கத்தியில் கைவைக்க விடமாட்டான்.

நான் சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டேன். பங்கு முடிந்து வருகிற சனிக்கிழமைகளில், "கசாப்புக்காரா, பின்பக்கத்தாலை வா" என்று கத்துவேன். அவன் சிரித்துக்கொண்டே பின்வாசலால் வந்து, கைகால் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் குசினிக்குள் காலடி வைப்பான். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன்.

"எப்பிடியடா உனக்கு மனம் வருது?"

"அக்கா, தின்னுறதெண்டு முடிவெடுத்தால் அதைப் பயப்படுத்தாமல் செய்யவேணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அதற்கு அவன் வைத்திருந்த ஒழுங்குகளைக் கேட்டால் கோயில் பூசை தோற்றுப்போகும். ஆட்டுக்கு முதலில் தண்ணீர் காட்ட வேண்டும். கொஞ்சம் இலைகுழை கொடுக்க வேண்டும். மற்ற ஆடுகள் காணக்கூடாது. பக்கத்தில் நிற்பவர்கள் பகிடி விடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. கத்தியை ஆடு காணவே கூடாது. முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி, மற்றக் கையால் கழுத்தைத் தடவிக்கொண்டே கிட்டப் போவான். ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழுந்தால் அந்த மாதம் அவன் இறைச்சி தின்னமாட்டான் என்று யோகராஜா சொல்லுவார். பிறகு பன்னிரண்டு கூறு. ஒவ்வொன்றிலும் ஈரல் ஒரு துண்டு, எலும்பு, கொழுப்பு, குடல் எல்லாம் ஒரே அளவு. ஒருவர் மற்றப் பக்கம் திரும்பி நிற்க, சிவானந்தன் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பான். திரும்பி நிற்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்லுவார். யாரும் யாருக்கும் நல்ல துண்டைத் தள்ளிவிட ஏலாது. எனக்கு ஆடு கொல்வது பாவம்தான், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் பாவத்திலும் ஒரு மட்டு மரியாதை இருக்கிறது.

1994 தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, கிழவரோடு வழக்கமாகக் கதைக்கிற யோகராஜாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வான் ஓட்டுவார், கதைக்க ஏலாது. மற்றவர்களின் இங்கிலீஷ் "யெஸ்", "நோ"வோடு சரி. என்னைக் கேட்டார்கள்.

"வருவன். ஆனால் வானை விட்டு இறங்கமாட்டன். கண்ணாடியைத் திறந்து கதைச்சுப்போட்டு மூடிப்போடுவன்" என்றேன்.

அப்படித்தான் போனேன். அன்றைக்கு ஐந்து ஆண்கள்தான் வந்தார்கள். அவர்கள் ஆட்டைத் தெரிவு செய்ய, நான் கிழவரோடு நாலு வார்த்தை கதைத்துவிட்டு, கண்ணாடியை மூடி, கந்தசஷ்டி கவசத்தைச் சொல்லிக்கொண்டு கொட்டில் பக்கம் பாராமல் இருந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் வெட்டு முடிந்து, ஆட்டைக் கூரை வளைமரத்தில் தூக்கி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கொம்பு ஊதும் சத்தம் கேட்டது.

வேலிக்குள்ளால் ஒரு நரி முற்றத்துக்கு வந்தது. நான் நரியை அவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. உடம்பெல்லாம் சேறு, நாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது, பின்கால்கள் இழுபடுகின்றன. ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. வானுக்குக் கீழே புகப் பார்த்தது, பிறகு கொட்டிலுக்கு அருகே இருந்த பழைய வாய்க்கால் குழாய்க்குள் நுழைந்தது. அடுத்த நிமிஷம் முற்றம் நிறைய நாய்கள். அவற்றுக்குப் பின்னால் குதிரைகள், சிவப்புக் கோட்டு, கறுப்புக் கோட்டு, தொப்பி. இருபது பேர் இருக்கும். டாப்செல் கிழவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சொந்த முற்றத்தில்.

கிழவர் வானருகே வந்தார். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க, மெல்லச் சொன்னார், "என் கோழியைப் பிடித்தால் நானே நரியைச் சுடுவேன். ஒரு வெடி, அதோடு முடிந்தது. இவர்களை வராதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, அம்மா. இந்த நிலம் அவர்களுடையது. நான் குத்தகைக்காரன்."

மண்வெட்டியோடு ஒருவன் வந்தான். ஒரு சின்ன நாயைக் குழாய்க்குள் விட்டான். உள்ளே நாயும் நரியும் கடிபடுகிற சத்தம் மூடிய கண்ணாடிக்குள்ளாலும் எனக்குக் கேட்டது. அவன் தோண்டினான், தோண்டினான், தோண்டிக்கொண்டே இருந்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலமும் குதிரைமேல் இருந்தவர்கள் சின்ன வெள்ளிப் போத்தல்களில் எதையோ குடித்துக்கொண்டு, கேக் துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டு, காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் இவர்கள் வேட்டையாட மாட்டார்களாம், கிழவர் பிறகு சொன்னார். அது தேவாலயத்துக்குப் போகிற நாளாம். கோதாரி விழுந்த பக்தி.

கடைசியில் நரியை வெளியே இழுத்துப் பிடரியில் தூக்கிப் பிடித்தான். ஒரு பக்கத் தாடை கிழிந்து தொங்கியது. கண் திறந்திருந்தது. கொல்லவில்லை. பிடித்தபடி நாய்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். நாய்கள் வெறி பிடித்துக் குரைத்தன. என்னத்துக்குக் காத்திருந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் தம்பிக்கு மட்டும் விளங்கியது, பிழையாக விளங்கியது. அவனுடைய பேய்ப் புத்திக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பாவம், இவ்வளவு பேரிலும் வெட்டத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

உதவி செய்யப் போனான்.

கொட்டிலிலிருந்து இறங்கி, மெதுவாக, சத்தமில்லாமல், நரியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தான். ஒரு கையைத் தாழ்த்தி முன்னுக்கு நீட்டியிருந்தான். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். கத்தி அந்தக் கையில். நரி பயப்படக்கூடாது என்று மறைத்துப் பிடித்திருந்தான்.

"சேர், ரூ லோங். ப்ளீஸ். ஐ டூ. ஒன் கட்."

இரத்தம் தோய்ந்த உடுப்போடு ஒரு கறுப்பன், முதுகுக்குப் பின்னால் கத்தியை ஒளித்துக்கொண்டு வருகிறான். பக்கத்தில் சாம்பல் குதிரையில் இருந்த ஒரு சீமாட்டி அதைத்தான் கண்டாள். "கத்தி, அவனிடம் கத்தி" என்று அலறினாள். சிவப்புக் கோட்டுக்காரன் ஒருவன் சவுக்கின் பிடியால் அவன் தோளில் ஓங்கி அடித்தான். கத்தி விழுந்தது. பிடித்திருந்தவன் அந்தக் குழப்பத்தில் நரியை நாய்களுக்குள் எறிந்தான். என் தம்பி தோளைத் தடவவும் இல்லை, அடித்தவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றது நரியை, கொஞ்ச நேரத்துக்கு.

நான் எங்கே இருந்தேன்? வானுக்குள். அவன் கொட்டிலிலிருந்து இறங்கியபோதே கண்டேன். கைபிடியில் கையும் வைத்துவிட்டேன். கண்ணாடியை இறக்கி, "அவன் நரிக்கு உதவ வருகிறான்" என்று நல்ல இங்கிலீஷில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். இரத்தம் கிடந்த நிலத்தில் கால்வைக்க மாட்டேன் என்ற என்னுடைய கண்டறியாத ஆசாரம் என்னை இருத்திவிட்டது. கதவைத் திறந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

முடிந்த பிறகும் ஒன்று நடந்தது. பத்து வயது இருக்கும் ஒரு பிள்ளை, குட்டைக் குதிரையில் வந்தது. அதற்கு இது முதல் வேட்டையாம். சிவப்புக் கோட்டுக்காரன் நரியின் இரத்தத்தை விரலில் தொட்டு அந்தப் பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். சீமாட்டிதான் தாய். அவள் முகத்தில் பெருமை வழிந்தது. அதே முகத்தோடு திரும்பிக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். வளையில் தொங்கிய ஆட்டைக் கண்டதும் கையால் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, பாவம் அந்த ஆடு" என்றாள்.

 

பொலிஸ் வந்தது. மூன்று குற்றச்சாட்டு. ஒன்று, அனுமதி இல்லாத இடத்தில் ஆட்டை அறுத்தது. இரண்டு, அந்த ஆட்டுக்குத் தேவையற்ற வேதனை கொடுத்தது. மூன்று, கத்தியைக் காட்டி ஆட்களை மிரட்டியது. எங்களுக்காக வாதாட அரசாங்கம் தந்த சொலிசிற்றர் ஒரு இளம் பெட்டை, வெள்ளைக்காரி, நல்லவள். எங்களை இருத்தி வைத்துச் சொன்னாள். மூன்றாவது பதிவானால் ஆளைத் தாக்க வந்தவன் என்று ஆகிவிடும், கலாவதியின் கோப்பை ஹோம் ஒபிஸ் தூக்கி எறியும். முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதைக் கைவிட மற்றப் பக்கம் சம்மதம். ஆடு சின்ன விஷயம், அதற்காக ஒருவரின் மனைவியை மறிக்கமாட்டார்கள்.

"வழக்காடினால்?" என்று கேட்டேன்.

"அவர்கள் பக்கம் பதினாறு சாட்சி. உங்கள் பக்கம் யார்?"

நல்ல கேள்வி. பன்னிரண்டு வீட்டுக்கும் போனேன். பன்னிரண்டு வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். "நாங்கள் அண்டைக்கு வரேல்லை, ரீச்சர்" என்றார்கள். வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஈரல் எனக்குக் குறைந்துபோச்சு என்று மாதாமாதம் முறைப்பாடு சொன்ன வாய்கள். யோகராஜா தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, என்ரை கோப்பும் ஹோம் ஒபிஸிலைதான் கிடக்குது" என்றார். டாப்செல் கிழவர் போனில், குத்தகையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவரை நான் திட்டவில்லை. மற்றவர்களைத் திட்டிய திட்டில் நோர்பரி ஸ்ரேஷன்வரை கேட்டிருக்கும். சரி, நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். சொலிசிற்றர் தயங்கிக்கொண்டு சொன்னாள், "நீங்கள் அவருடைய அக்கா. அதோடு, கண்ணாடி மூடிய வானுக்குள் இருந்தீர்கள். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குக் கேட்டதா?"

பெரிதாகக் கேட்கவில்லை. பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிவானந்தன் இரண்டு கிழமை மாட்டேன் என்று நாண்டுகொண்டு நின்றான். அவன் பிடித்த பிடி எது என்று பாருங்கள்.

"முதலாவது சரி, அக்கா. சட்டம் தெரியாமல் செய்தனான், ஒப்புக்கொள்ளுறன். மூண்டாவதும் போகட்டும், அதையும் ஏற்கலாம், அந்த மனிசி பயந்திட்டுது, கத்தியைக் கண்டால் ஆரும் பயப்பிடுவினம். ரெண்டாவதை மட்டும் கேக்காதையுங்கோ. அதை நான் செய்யேல்லை."

"அது சின்ன விஷயம் எண்டு சொலிசிற்றர் சொல்லுறாள்."

"அவவுக்குச் சின்ன விஷயம்."

 வேலைக்குப் போவான், வருவான், முன்னறைக்குள் இருப்பான். சனிக்கிழமை கலாவதி போன் எடுத்தபோது நான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவளைக் கொண்டுதான் இவனை மடக்கலாம் என்று எனக்குத் தெரியும்.  மறுபக்கத்தில் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"மச்சாள், அந்த ஆடு செத்துப்போச்சு. நான் உயிரோடை இருக்கிறன். அவரிட்டைச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. ரிசீவரை அவன் காதில் வைத்தேன். அவன் கேட்டான். "ம்" என்றான். இன்னொருமுறை "ம்" என்றான். போனை வைத்துவிட்டு வந்து குசினி மேசையில் எனக்கு முன்னால் இருந்தான்.

"என்ன சொல்லவேணும்?"

"கில்ட்டி எண்டு சொல்லவேணும். ரெண்டுதரம். ஒவ்வொண்டுக்கும் ஒண்டு."

"அக்கா, நான் செய்யாததைச் செய்தனான் எண்டு சொல்லவோ?"

"ஓம். சொல்லு."

பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்தவள் நான். என் கூடப் பிறந்தவனுக்கு நான் படிப்பித்த ஒரேயொரு சொல் அது. அவன் முதலில் மெதுவாகச் சொன்னான். சத்தம் காணாது, நீதவானுக்குக் கேட்காது என்று திரும்பச் சொல்லவைத்தேன். அந்த மேசையில் இருந்து அவனை நாலுதரம், ஐந்துதரம் சொல்லவைத்தேன்.

நீதிமன்றத்தில் மூன்று நீதவான்கள். நடுவில் இருந்தவர் வெள்ளை மீசை, அமைதியான குரல். வழக்குத் தரப்பு, சீமாட்டியின் வாக்குமூலத்தை வாசித்தது. சந்தேகநபர் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது அவர் மனதை இன்றும் உறுத்துகிறதாம். நாலு பேர் பிடித்துக்கொள்ள ஒரு வாயில்லாத சீவனின் கழுத்து அறுக்கப்பட்டதை நினைத்தால் தூக்கம் வருவதில்லையாம். அவளும் வந்திருந்தாள், பின்வரிசையில் கைக்குட்டையோடு. சிவானந்தன் எழுந்து நின்று நான் படிப்பித்தபடி இரண்டுதரம் சொன்னான். நல்ல சத்தமாகத்தான் சொன்னான்.

எங்கள் சொலிசிற்றர் பெட்டை தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கதைக்க எழுந்தாள். ஆட்டின் கழுத்தில் ஒரே வெட்டுத்தான் இருந்தது என்று மிருக வைத்தியர் எழுதியதைக் காட்டினாள். பிறகு, "அதே நாள் காலை, அதே முற்றத்தில், என் கட்சிக்காரர் முக்கால் மணித்தியாலமாக ஒரு நரி..." என்று தொடங்கினாள்.

நடுவில் இருந்தவர் கையை உயர்த்தினார்.

"நரி இந்த வழக்கில் இல்லை" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சட்டப்படி அது சரி என்பதால் சொன்னார். நரியை அப்படிக் கொல்வதற்கு அப்போது அந்த நாட்டில் தடை இல்லை. என் தம்பி ஆட்டைக் கொன்ற விதத்துக்குத் தடை உண்டு. அதுதான் முழுச் சட்டமும். எனக்கு எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் கலாவதி வரமாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

நீதவான் என் தம்பியைப் பார்த்து, மிருகங்களுக்கும் வலி தெரியும் என்பதை இப்போதாவது ஏற்றுக்கொள்கிறீரா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். சிவானந்தன் அவரை நேரே பார்த்தான்.

"ஓம் சேர். தெரியும்" என்றான்.

தண்டப்பணம் போட்டார்கள். கத்தி பறிமுதல். அதோடு, பத்து வருஷத்துக்கு எந்த மிருகத்தையும் வைத்திருக்கவோ வளர்க்கவோ கூடாது என்று தடை. நாற்பது நாய் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. ஒரு நாய்க்குட்டிகூட வைத்திராத என் தம்பிக்குப் பத்து வருஷம்.

வெளியே வந்தபோது சீமாட்டி எங்களை நோக்கி வந்தாள். நல்ல மென்மையான குரல் அவளுக்கு.

"உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே நாங்கள் மிருகங்களில் மிகவும் அன்பு வைத்திருப்பவர்கள்" என்றாள்.

"தாங்க் யூ, மடம்" என்றான் சிவானந்தன்.

எனக்கு நாலு பள்ளிக்கூடத்துக்குப் போதுமான இங்கிலீஷ் இருந்தது. ஒரு சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

1995 புரட்டாதியில் அந்தக் கடிதம் வந்தது. கலாவதி வந்து இறங்கினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் ஹீத்ரோவில் ஒருவர் பெட்டியை ஒருவர் வாங்கப் பார்த்துக்கொண்டு, என்ன கதைப்பதென்று தெரியாமல் முழுசிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கிழமையே பன்னிரண்டு வீட்டுக்காரரும் ஆட்டிறைச்சிக் கறி சட்டி சட்டியாகக் கொண்டு அவளைப் பார்க்க வந்தார்கள். கடை இறைச்சி. சிவானந்தன் ஒரு துண்டும் எடுக்கவில்லை. வழக்குக்குப் பிறகு அவன் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எத்தனை வருஷம் அதற்காகக் கத்தியிருப்பேன். அவன் மரக்கறிச் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவன் முதலிலும் பயந்தவன்தான். இப்போது பயம் அவனைத் தின்றுகொண்டிருந்தது. றோட்டில் ஒரு நாய் அவனை முகர்ந்து பார்த்தால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் மதிலில் படுத்தால், "அது எங்கடை இல்லை" என்று கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லுவான். தீர்ப்புக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பாஸ்போட்டோடு வைத்திருந்தான். 1997 ஆடி மாதம் நரி வேட்டையைத் தடைசெய்யக் கூடாது என்று ஹைட் பார்க்கில் இலட்சம் பேர் கூடியதை டிவியில் காட்டினார்கள். எங்கள் உரிமை, எங்கள் வாழ்க்கை முறை என்று பதாகை பிடித்துக்கொண்டு பிள்ளை குட்டியோடு வந்திருந்தார்கள். "பாரடா, எப்பிடிக் கூடி நிக்கினம் எண்டு. உனக்கு ஒரு ஆள் வந்ததே?" என்றேன். அவன் எழுந்து போய் டிவியை நிறுத்தினான்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பின் தோட்டத்துக்கு ஒரு நரி வந்தது. நோர்பரியில் நரிக்குப் பஞ்சமில்லை, குப்பை வாளி திறந்து கிடந்தால் பகலிலேயே வரும். இது சொறி பிடித்து, வாலில் மயிர் இல்லாமல், ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்தது. கலாவதிக்கு அது பழக்கமாம். நாங்கள் வேலைக்குப் போன நேரங்களில் அவள் தனியே இருந்து, ஒரு தட்டில் சோறும் மீன் தலையும் வைத்து வந்திருக்கிறாள். எனக்கே தெரியாது. அன்றைக்கும் தட்டை வைத்துவிட்டு வாசலில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குசினி யன்னலில் நின்றேன்.

சிவானந்தன் சாரம் கட்டியபடி வெளியே வந்தான். தட்டைக் கண்டான்.

"ஆர் வைச்சது? எடு. எடு அதை. ஆரும் கண்டால் வளக்கிறன் எண்டு சொல்லுவினம்."

"பசியிலை வருது, பாவம்" என்றாள் கலாவதி.

"எனக்கு இன்னும் ஆறரை வருஷம் தடை கிடக்குது."

கையைத் தட்டினான். சூ என்றான். நரி போகவில்லை. லண்டன் நரி, மனிதருக்குப் பயமில்லை. அதிலும் சோறு கிடைக்கிற வீடு. தட்டுக்குப் பக்கத்தில் நின்று அவனை நிமிர்ந்து பார்த்தது. அவன் பக்கத்து வீட்டு யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பூச்சட்டிக்குக் கீழே கிடந்த செங்கல் துண்டைக் கையில் எடுத்தான். நான் யன்னலைத் தட்டினேன். அவன் எறிந்துவிட்டான்.

நொண்டுகிற காலிலேயே பட்டது. நரி கத்தியது. பிள்ளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். வேலியில் ஏற முயன்று விழுந்து, மறுபடி ஏறி, அந்தப் பக்கம் விழுந்து போனது. கலாவதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். திட்டுவதற்குத்தான் ஓடினேன், வாயில் அவ்வளவும் வைத்திருந்தேன். அவன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

"அக்கா, தீர்ப்பிலை அவை எழுதினது இப்ப உண்மையாப் போச்சு" என்றான்.